துரியான் வேண்டுமா? வௌவாலைக் கேளுங்கள்

ஞாயிறு வகுப்பிலும் விடுமுறை முகாமிலும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் அண்ணன்மார், அக்காமாருக்காக இதை எழுதுகிறேன். நான் படிப்பது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். விலங்கியல் எனக்குப் பாடம் இல்லை. ஆனாலும் போன விடுமுறையில் ‘பல்லுயிர் பாதுகாப்பு’ வகுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் வகுப்பு படுதோல்வி. காட்டில் வாழும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு, மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் 2019இல் சபாவில் இறந்துபோனது என்று ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டினேன். பிள்ளைகள் “பாவம்” என்றார்கள். அப்புறம் “அண்ணா, எப்ப ரெஸ்ட்?” என்று கேட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. புலியை யாரும் நேரில் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றை எப்படிக் காப்பாற்றுவது?

அடுத்த வாரம் ஸ்லைடை மூடிவிட்டு ஒரே கேள்வி கேட்டேன். “துரியான் யாருக்குப் பிடிக்கும்?” எல்லாக் கையும் மேலே போனது. பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

படி 1: பூவிலிருந்து தொடங்குங்கள்

துரியான் பூ மாலையில் விரியும். இரவில் தேன் சுரக்கும். விடிவதற்குள் இதழ்கள் உதிர்ந்துவிடும். பல துரியான் மரங்களில் அதே மரத்தின் மகரந்தம் பட்டால் காய் சரியாகப் பிடிக்காது. வேறொரு மரத்திலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். ராத்திரியில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது குகைத் தேன் வௌவால். நீண்ட நாக்கால் தேனைக் குடிக்கும்போது அதன் ரோமத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அப்படியே அடுத்த மரத்துக்குப் போகும்.

இதைச் சொன்னதும் ஒரு பையன் எழுந்தான். “இல்லண்ணா, வௌவால் பூவெல்லாம் கடிச்சுப் போட்டுடும். எங்க தாத்தா பட்டாசு வச்சு விரட்டுவாரு.”

நல்ல கேள்வி. அவன் தாத்தா மட்டுமில்லை, பல தோட்டக்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குறிப்பாக, கெலுவாங் என்கிற பெரிய பழந்தின்னி வௌவால் மேல் அவர்களுக்கு ரொம்பக் கோபம். தியோமான் தீவில் ஆய்வாளர்கள் துரியான் மரங்களில் கேமரா பொருத்திப் பார்த்தார்கள். ஆய்வு முடிவு 2017இல் வெளிவந்தது. அங்குள்ள கெலுவாங் பூவை நாசம் செய்யாமல் தேனை மட்டும் குடித்தது. அது வந்துபோன பூக்களில் காய் பிடித்தது. தீபகற்ப மலேசியாவில் அருகிவரும் விலங்கு அது. உதவிக்கு வருபவனைத்தான் நாம் திருடன் என்று விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

படி 2: வௌவால் எங்கே தூங்கும்?

பத்துமலைக்குப் போகாத பிள்ளை நம் வகுப்பில் இருக்காது. 272 படி ஏறும்போது இடப்பக்கம் ஒரு குகை வரும். அதுதான் குவா கெலாப், இருட்டுக் குகை. அங்கே வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும். கீழே விழும் எச்சத்தைத் தின்று சின்னச் சின்னப் பூச்சிகள் வாழும். அந்தப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் ஒரு சிலந்தி, தன் வளைக்குக் கதவு செய்து வைத்திருக்கும். உலகத்திலேயே மிக அரிய சிலந்திகளில் அதுவும் ஒன்று. வௌவால் போய்விட்டால் அந்தக் குகைக்குச் சாப்பாடு இல்லை.

படி 3: மற்ற நாளில் என்ன சாப்பிடும்?

பிள்ளைகளை யோசிக்க வையுங்கள். துரியான் வருடம் முழுக்கப் பூக்காது. பூத்தாலும் சில வாரம்தான். மீதி நாள்? வாழைப்பூ, பெத்தாய்ப் பூ, அதோடு கடலோரச் சதுப்பில் வளரும் பெரெம்பாங் வகை மரங்களின் பூ. பத்துமலை வௌவால்கள் இந்தப் பூக்களைத் தேடி ஒரே இரவில் 30 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து கடற்கரைப் பக்கம் போவதை ஆய்வாளர்கள் 1970களிலேயே கண்டறிந்தார்கள். கோலசிலாங்கூரில் படகில் போய் மின்மினி பார்த்திருப்பீர்களே, அவை கூட்டமாக உட்காருவதும் பெரெம்பாங் மரத்தில்தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். தோட்டத்தைப் பத்திரமாக வைத்து, சதுப்பு நிலத்தை இறால் குளத்துக்காக அழித்தால் என்ன ஆகும்? வௌவாலுக்கு மற்ற மாதங்களில் பசி. துரியான் பூக்கும்போது வர ஆள் இருக்காது. இன்ஜினில் ஒரு போல்ட் கழன்றால் அந்த இடத்தில் மட்டுமா சத்தம் வரும்? விலங்கை மட்டும் காப்பாற்றினால் போதாது. அது தூங்கும் இடம், தின்னும் இடம், போகும் வழி எல்லாம் சேர்ந்துதான் அதன் வீடு.

படி 4: நூல் விளையாட்டு

எட்டு அட்டை எழுதுங்கள்: துரியான் மரம், வௌவால், குகை, எச்சம், சிலந்தி, பெரெம்பாங் மரம், மின்மினி, துரியான் விற்பவர். ஆளுக்கு ஒன்று கொடுத்து வட்டமாக நிற்க வையுங்கள். யாருக்கு யார் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு நூலைக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு பெரெம்பாங் மரத்தை மட்டும் உட்காரச் சொல்லுங்கள். நூல் இழுபட்டவர்களும் உட்கார வேண்டும். எங்கள் வகுப்பில் துரியான் விற்ற தங்கச்சி கடைசியாக உட்கார்ந்து, “நான் என்னண்ணா தப்பு செஞ்சேன்?” என்று கேட்டாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வீட்டுப்பாடம்

பிள்ளைகளுக்கு மூன்று வேலை. ஒன்று, பத்துமலைக்குப் போனால் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவருவது, குகைச் சுவரைக் கிறுக்காமல் இருப்பது. இரண்டு, தொங்கும் வௌவால் மேல் கல்லெறியாமல், டார்ச் அடிக்காமல் இருப்பது. மூன்று, தெரிந்துகொண்டதை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சொல்வது.

மூன்றாவதுதான் கஷ்டம். அந்தப் பையன் அடுத்த வாரம் வந்து சொன்னான்: “தாத்தா நம்பலண்ணா. ஆனா அடுத்த தடவ பூக்கும்போது ராத்திரி என்னையும் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு. ரெண்டு பேரும் பார்ப்போம், அப்புறம் பட்டாசப் பத்திப் பேசலாம்னாரு.”

நம் வகுப்புக்கு அது போதும். நீங்களும் உங்கள் வட்டாரத்தில் நடத்திப் பாருங்கள். துரியான் இல்லாத ஊர் என்றால், அங்கே பிள்ளைகள் தினமும் பார்க்கும் ஓர் உயிரிலிருந்து தொடங்குங்கள்.