பிளம்பர் சகோதரர்கள் கேஸ் இன்ஜினியர் ஆவது எப்படி?



பிரிட்டனில் 2 கோடிக்கும் அதிகமான வீடுகள் கேஸால் சூடாகின்றன. பாய்லர் பொருத்துவது, பழுது பார்ப்பது, ஆண்டுதோறும் சோதிப்பது எல்லாம் ஒரு நல்ல தொழில், ஹலாலான வருமானம். நம் குடும்பங்களில் சொந்தமாகப் பிளம்பிங் வேலை செய்யும் சகோதரர்கள் குழாய், ரேடியேட்டர், குளியலறை வேலைகளை முடித்துவிட்டு, பாய்லர் என்று வந்ததும் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதை நாமே முறையாகக் கற்றுச் செய்ய வழி என்ன என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் ஒரு விளக்கம். நம் பேச்சில் இன்ஜினியர் என்றால் பட்டம் பெற்றவர். இங்கே கேஸ் இன்ஜினியருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. கைத்தொழில் பயிற்சி, தேர்வு, பதிவு ஆகிய மூன்றும் தேவை.

சட்டம் என்ன சொல்கிறது?

1998-ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, கேஸ் வேலையைத் தொழிலாகச் செய்பவர் அதற்குரிய திறமை பெற்றவராகவும் பதிவு செய்தவராகவும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேடுதான் ‘கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்’. 2009 ஏப்ரல் 1 முதல், அதற்கு முன்பிருந்த ‘கார்கி’ பதிவின் இடத்தில் இது நடைமுறையில் உள்ளது. இன்னும் சிலர் ‘கார்கி பிளம்பர்’ என்று சொல்வது பழைய பழக்கம். அந்தப் பதிவு இப்போது செல்லாது. பதிவில்லாமல் கேஸ் வேலை செய்வது குற்றம். அபராதமும் சிறைத் தண்டனையும் வரலாம்.

எது கேஸ் வேலை என்பதில்தான் பலருக்குக் குழப்பம். ரேடியேட்டர் மாற்றுவதும் தண்ணீர்க் குழாய் இழுப்பதும் கேஸ் வேலை அல்ல. கேஸ் குழாயில் கை வைப்பதும், அடுப்பை இணைப்பதும், பாய்லரைப் பொருத்துவதும் கேஸ் வேலை. பாய்லரின் முன் உறையைக் கழற்றுவதுகூட, அந்த உறை எரியும் பகுதியைக் காற்றுப் புகாமல் அடைத்திருக்குமானால், கேஸ் வேலைதான். ‘சும்மா திறந்து பார்த்தேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

கேஸ் எரியப் போதிய காற்று கிடைக்காவிட்டாலோ, புகைபோக்கி அடைபட்டாலோ கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றிச் செல்லும் பொருளோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் வரும்போது காய்ச்சல் என்றோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்துப் படுத்துவிடுவார்கள். படுத்தவர் எழாமலே போகலாம். வேலை செய்தவர் காசு வாங்கிக்கொண்டு போன பல நாள் கழித்து இது நடக்கலாம். தெரியாத வைத்தியத்தைச் செய்து ஒருவருக்குத் தீங்கு விளைவித்தவர் அதற்குப் பொறுப்பாளி என்று ஃபிக்ஹு அறிஞர்கள் சொல்வது கேஸ் வேலைக்கும் பொருந்தும் அல்லவா?

பயிற்சிக்கு மூன்று படிகள்

முதல் படி, பயிற்சி. இளைய பிள்ளைகளுக்குச் சிறந்தது அப்ரென்டிஸ்ஷிப். சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம். ஏற்கெனவே சொந்தத் தொழில் செய்யும் பிளம்பருக்குப் பயிற்சி மையங்கள் நடத்தும் தனிப் பயிற்சித் திட்டம் உண்டு. அதில் வகுப்பும் உண்டு, களப்பணியும் உண்டு. குழாய் வேலையில் என்.வி.கியூ. தகுதி வைத்திருப்பவருக்குப் பயிற்சி குறையலாம். ஆகவே பழைய சான்றிதழ்களைத் தேடி எடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி, ஏ.சி.எஸ். என்னும் தேர்வு. எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. வீட்டு கேஸ் பாதுகாப்புக்கான அடிப்படைத் தேர்வு சி.சி.என்.1. அதன்மேல் பாய்லருக்கு சென்வாட், சமையல் அடுப்புக்கு சி.கே.ஆர்.1, மீட்டருக்கு மெட்1 என்று ஒவ்வொன்றும் தனித்தனி. 5 ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் தேர்வு எழுத வேண்டும்.

மூன்றாம் படி, பதிவு. தனியாகத் தொழில் செய்பவர் தம் தொழிலையே பதிவு செய்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதிதாகப் பதிபவருக்கு முதல் 3 மாதம் தகுதிகாண் காலம். செய்யும் கேஸ் வேலைகளைத் தெரிவிக்க வேண்டும். புகைப்படத்துடன் ஓர் அட்டை கிடைக்கும். எந்தெந்த வேலைக்கு அனுமதி என்பது அட்டையின் பின்புறம் இருக்கும். அடுப்புக்கு மட்டும் தகுதி பெற்றவர் பாய்லரைத் தொடக்கூடாது.

எங்கே தடைபடுகிறது?

தேர்வு கடினம் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையான தடை களப்பணியில் இருக்கிறது. பதிவு பெற்ற ஓர் இன்ஜினியரின் நேரடிக் கண்காணிப்பில் உண்மையான வீடுகளில் வேலை செய்து, கசிவுச் சோதனை, கேஸ் அளவு, புகைபோக்கிச் சோதனை ஆகியவற்றைப் படத்தோடும் குறிப்போடும் ஒரு கோப்பாகத் தொகுக்க வேண்டும். அது இல்லாமல் புதியவர் தேர்வுக்குப் போக முடியாது. ‘சில வாரங்களில் கேஸ் இன்ஜினியர் ஆகலாம்’ என்ற விளம்பரங்கள் இதைப் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. ஆயிரக்கணக்கான பவுண்டு கட்டி, வகுப்பும் முடித்து, கூட அழைத்துச் செல்ல ஆள் கிடைக்காமல் நிற்பதுதான் பெரிய நஷ்டம்.

எனவே, பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. களப்பணிக்கு இன்ஜினியரை மையமே ஏற்பாடு செய்யுமா, நாம் தேட வேண்டுமா? ஏற்பாடு செய்வதாகச் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள்.

2. எத்தனை நாள் களப்பணி? வாரத்தில் சில நாள் நம் பிளம்பிங் வேலையையும் பார்க்க முடியுமா?

3. ஏ.சி.எஸ். தேர்வுக் கட்டணம் இதில் அடங்குமா? தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு?

4. களப்பணி கிடைக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 19 வயது நிரம்பியவர்களின் குறிப்பிட்ட தொழிற்படிப்புகளுக்கு அரசு தரும் கடனுக்கு வட்டி உண்டு. அதைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள், தவணையாகக் கட்ட மையம் சம்மதிக்குமா என்று கேட்கலாம். உறவினருக்குள் கர்ழ் ஹஸன் கொடுத்து உதவலாம். கொடுப்பவரும் வாங்குபவரும் தொகையையும் தவணையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறுக்கு வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலையை ஒருவர் செய்ய, பதிவுள்ள நண்பர் வந்து பார்க்காமலே தம் எண்ணைப் போட்டுக் கையெழுத்திடுவது உதவி அல்ல. அது வீட்டுக்காரரை ஏமாற்றுவது; ஏதேனும் நேர்ந்தால் இருவரும் சிக்குவார்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

கேஸ் வேலைக்கு வருபவர் நம் சொந்தக்காரராக இருந்தாலும் அட்டையை இரு பக்கமும் பாருங்கள். அவர் தப்பாக நினைக்கமாட்டார். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் 12 மாதத்துக்கு ஒருமுறை கேஸ் சோதனை செய்து, அதன் பதிவைக் குடியிருப்பவரிடம் 28 நாளுக்குள் கொடுப்பது சட்டக் கடமை. கேஸ் வாடை வந்தால் ஜன்னல்களைத் திறந்து, மின் சுவிட்சுகளைத் தொடாமல் வெளியேறி, 0800 111 999-க்கு அழையுங்கள்.

இறுதியாக, நம் பகுதியில் ஏற்கெனவே பதிவு பெற்றுள்ள சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சி பெறும் ஒருவரையேனும் உங்களோடு வேலைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்காணிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதால் தயக்கம் இருக்கும். உங்கள் வேலை நேரமும் கூடும். ஆனால் நீங்கள் கூட்டிப் போகும் அந்தச் சில மாதங்கள் இல்லாமல் அவர் கட்டிய பணமும் படித்த படிப்பும் பயன்படாது. நீங்கள் கற்றபோதும் யாரோ ஒருவர் உங்களைத் தம் வண்டியில் ஏற்றிச் சென்றார் அல்லவா?