வாளாசிரியர் ஏனாதிநாதர்

அறுபத்துமூவருள் அரசர் உளர், அந்தணர் உளர், வேடரும் உளர். வாட்பயிற்சி கற்பித்துப் பொருளீட்டிய ஆசிரியர் ஒருவரும் அவருள் உளர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. அவரே சோழநாட்டு எயினனூர் ஏனாதிநாதர். 8-ஆம் நூற்றாண்டினர் எனப் பலர் கொள்ளும் சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் அவரைக் குறித்தலின், அவர் அதற்கு முற்பட்டவராதல் தெளிவு. 'ஏனாதி' என்பது பண்டை வேந்தர் படைத்தலைவர்க்கு மோதிரத்துடன் அளித்த பட்டமாகும்.

அவர் வரலாற்றை விரித்துரைப்பவர் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்துச் சேக்கிழார். பெரியபுராணத்துள் யாம் ஈண்டு ஊன்றி நோக்குவது, வாட்பயிற்சி தாயமுறையில் வந்த ஒரு தொழிலாக நடந்தமையே. ஏனாதிநாதர் வேந்தர்க்கு வாள் பயிற்றினார். வந்த வருவாயைச் சிவனடியார்க்கு ஈந்தார். அவர் தாயத்தாருள் ஒருவனாகிய அதிசூரனும் அத்தொழிலினனே. தன் ஊதியம் நாளும் சுருங்கக் கண்டு அழுக்காறு கொண்ட அவன், சுற்றத்தோடு வந்து அவரைப் போருக்கு அழைத்தான். வென்றவர்க்கே பயிற்றும் உரிமை என்பது அவன் வழக்கு. (தொழிற்போட்டி எக்காலத்தும் உளது போலும்!) போரில் தோற்று ஓடினான்.

மேலைநாட்டு வாட்போர் நூல்களுள் இன்று எஞ்சியவற்றில் மிகப் பழையது, ஏறத்தாழ 1300-இல் ஜெர்மனியில் இலத்தீன் மொழியில் எழுந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகர அரசப் படைக்கலச் சாலையில் உள்ளது. அதன்கண் குருவானவர் ஒருவர் தம் மாணாக்கனுக்கு வாளும் சிறு கேடயமும் கொண்டு ஏழு காப்புநிலைகளைப் படங்களோடு விளக்குகின்றார். சேக்கிழார் அங்ஙனம் நிலைகளை எண்ணிக் காட்டிலர். அவர் காட்டும் கேடயம் வேறொன்றுக்குப் பயன்பட்டது.

மறுநாட் புலரியில் துணைவரின்றித் தனியிடத்தே பொருவோம் என்று சொல்லியனுப்பிய அதிசூரன், ஒருநாளும் அணியாத நீற்றை நெற்றியிற் பூசிக் கேடயத்தால் மறைத்து வந்தான். அண்மையில் நெருங்கியதும் அதனை விலக்கினான். நீறு கண்ட ஏனாதிநாதர், இவர் சிவனடியாராயினார் என்று துணிந்து, வாளும் கேடயமும் எறிய எண்ணினார். பின்னரே மற்றொன்று தோன்றிற்று: படையிழந்தாரைக் கொன்றவர் என்னும் பழி இவரைச் சாருமே! ஆதலின் அவற்றை விடாது, எதிர்ப்பார் போல நேர்நின்றார். பாதகன் தன் கருத்தை முடித்தான்.

பேதுருவை நோக்கி வாளை உறையிலிடச் சொன்ன ஆண்டவர் மொழியைச் சிறுவயது முதல் கேட்டு வந்த எமக்கு, இவ்விடம் நெடிது நின்று படிக்கத் தக்கதாயிற்று. ஈண்டு வாள் உறை புகவில்லை. ஏந்திய கையிலேயே இருந்தது. அவர் வஞ்சிக்கப்பட்டார் என்று மட்டும் கூறுவார் உளர். வஞ்சனை நெற்றியளவில் நின்றது. கேடயத்தைத் தாழவிடாது பிடித்தது அவர் தாமே தெரிந்து செய்தது.