வாசப்படி இல்லாத ஃபியார்டு



இந்தத் தடவை சுவர் இதழில் புவியியல் பக்கம் என் தலையில் விழுந்திருக்கிறது. பனியாறு பாடம் நடத்தியபோது டீச்சர் போர்டில் ‘ஃபியார்டு’ என்று ஒரு சொல் எழுதினார்கள் அல்லவா, அதையே எடுத்துக்கொண்டேன். ‘பனியாறு அரித்த பள்ளத்தாக்கில் கடல்நீர் புகுந்தால் அது ஃபியார்டு’ என்று எழுதினால் இரண்டு மார்க் முழுசாகக் கிடைக்கும். ஆனால் அதற்குள் அரை நாள் படகில் போனால் என்னென்ன தெரியும், நம்ம நாட்டுக்காரங்க அங்கே எதுக்கு வீடு பிடிச்சு உட்கார்ந்திருக்காங்க என்பதெல்லாம் அந்த இரண்டு மார்க்கில் அடங்காதுங்க.

நான் ஆர்க்டிக் பக்கம் போனதில்லை. நம்ம ஊர்க்காரங்களுக்கு ‘நிறையத் தண்ணி’ என்றால் சாமளாபுரம் குளம், அதுவும் நொய்யலில் தண்ணி வந்தால்தான். நான் படகில் போன ஒரே இடம் பரளிக்காடு. அதையே அளவுகோலாக வைத்துச் சொல்கிறேன். போய் வந்தவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பீர்கள்.

தெரியாதவர்களுக்கு: காரமடையிலிருந்து வெள்ளியங்காடு வழியாக மலையேறினால் பில்லூர் அணையின் தேக்கம் வரும். அதன் கரையில் இருப்பது பரளிக்காடு. வனத்துறையும் அங்குள்ள இருளர் மக்களும் சேர்ந்து நடத்தும் பரிசல் பயணம் அது. முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும், பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. மத்தியானம் அந்த ஊர் அக்காக்கள் சமைத்துப் போடும் ராகிக் களியைப் பற்றித் தனியாக ஒரு தாள் எழுதலாம், இடமில்லை.

பவானி ஆறு நீலகிரியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடிக்குள் போய், திரும்பி நம்ம பக்கமே வருகிறது. அதைப் பில்லூரில் சுவர் கட்டி மறித்தார்கள். பள்ளத்தாக்கு நிரம்பியது. அதாவது, பரிசலில் உட்கார்ந்து நாம் பார்க்கும் மேடுகள் எல்லாம் மலையின் மேல்பாதிதான். கீழ்ப்பாதி நம்ம காலுக்குக் கீழே தண்ணீருக்குள் இருக்கிறது. பரிசல் ஓட்டின அண்ணனிடம் கேட்டேன், “ஏனுங்கண்ணா, இங்க எவ்வளவு ஆழமுங்க?”

“இங்கயா கண்ணு, துடுப்பு எட்டும். நடுவுல எட்டாது. அணைச் சுவத்துக்கிட்ட போகப் போக ஆழம் ஏறிக்கிட்டே போகும்” என்றார்.

இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபியார்டில் இது அப்படியே தலைகீழ்.

முதலில் பள்ளத்தாக்கின் உருவம். ஆறு தன் அடியை மட்டும்தான் அறுத்துக்கொண்டு இறங்கும். இரண்டு கரையும் சரிந்து சரிந்து கீழே விழும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் கடலைப் பொட்டலம் மாதிரி இருக்கும், மேலே அகலம், அடியில் கூர். பில்லூர் அப்படிப்பட்ட பள்ளத்தாக்கு. பனியாறு அப்படி இல்லை. அது பள்ளத்தாக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டு நகரும். அடியிலும் ஓரத்திலும் பாறைத்துண்டுகள் ஒட்டியிருக்கும். தச்சர் இழைப்புளி போடுவது போல அடியையும் சுவரையும் ஒன்றாக இழைக்கும். மிஞ்சுவது செங்குத்தான இரண்டு சுவர், தட்டையான தரை. பாட்டனி நோட்டில் படம் போடத் தேவையே இல்லை, நம்ம ‘ப’ எழுத்தை எழுதினால் அதுதான் படம்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் இன்றைக்கு இருப்பதைவிட அதிகத் தண்ணீர் தரைமேல் பனியாகக் கிடந்தது. கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பிறகு பனி உருகியது, கடல் ஏறியது, பனியாறு விட்டுப்போன ‘ப’க்குள் உப்புத்தண்ணீர் நுழைந்தது. நார்வேயின் சோக்னே ஃபியார்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள்ளே போகிறது; அதிகபட்ச ஆழம் சுமார் 1,300 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அதில் பாதியை உள்ளே அமுக்கிவிடலாம்!

இனி ஆர்க்டிக் அரைநாள் பயணத்துக்கு வருவோம். நார்வேக்கும் வடதுருவத்துக்கும் நடுவில் ஸ்வால்பார்ட் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அதன் முக்கிய ஊர் லாங்யியர்பியன். அங்கிருந்து இஸ் ஃபியார்டு என்ற பெரிய ஃபியார்டுக்குள் சுற்றுலாப் படகுகள் போகின்றன. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிக்கு மேல் வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. அதனால் காலைப் படகு, மாலைப் படகு என்பதற்கெல்லாம் பெரிய அர்த்தமில்லை, ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்கும். வெயில் என்றால் நம்ம வெயில் இல்லைங்க. ஜூலையிலேயே சராசரி 7 டிகிரிதான்.

படகு போகும் வழியில் கடற்பறவைகள் கூடவே வரும். மரம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. கடைசியில் ஃபியார்டின் தலைமாட்டில் பனியாறு ஒரு வெள்ளைச் சுவராகக் கடலில் வந்து நிற்கும். வெள்ளை என்றேன், உற்றுப் பார்த்தால் நீலம். ஆயிரக்கணக்கான வருஷம் அமுங்கிய பனியில் காற்றுக்குமிழி குறைந்துவிடும். வெளிச்சம் உள்ளே ஆழமாகப் போகும். சிவப்பைப் பனி விழுங்கிவிடும், நீலம் திரும்பி வரும். சுவரிலிருந்து உடைந்த கட்டிகள் மிதந்துவரும். பத்தில் ஒரு பங்கு மேலே தெரிந்தால் ஒன்பது பங்கு உள்ளே. மிதக்கும் கட்டிகள் உருகும்போது உள்ளே அடைபட்ட பழங்காற்று வெடித்து வெளியே வரும். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சடசடவென்று கேட்குமாம். எஞ்சினை நிறுத்திவிட்டு இதைக் கேட்கச் சொல்வார்கள். தறிச்சத்தத்திலேயே பிறந்து தூங்கிப் பழகின நமக்கு அந்த அமைதி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சுவருக்குப் பக்கத்தில் மட்டும் படகைக் கொண்டுபோக மாட்டார்கள். எந்த நிமிஷம் எந்தத் துண்டு விழும் என்று சொல்ல முடியாது. விழுந்தால் எழும் அலை சின்னப் படகைக் கவிழ்த்துவிடும். பனிக்கரடிக்கும் இப்போது கணக்கு உண்டு. 2025 ஜனவரியிலிருந்து 300 மீட்டருக்குள் போகக் கூடாது, மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். பரளிக்காட்டில் எதிர்க்கரையில் யானை தண்ணி குடிக்க வந்தபோது அண்ணன் பரிசலைத் தள்ளியே நிறுத்திக்கொண்டார். அவருக்கு மீட்டர் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை.

சரி, ஆழம் தலைகீழ் என்றேனே. பனியாறு கடலை நெருங்கும்போது மெலிந்துவிடும். இழைக்கும் பலம் போய்விடும், சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் அங்கேயே கொட்டிவிடும். அதனால் ஃபியார்டின் உட்பகுதி மிக ஆழமாகவும், கடலோடு சேரும் வாய் மேடாகவும் இருக்கும். வீட்டு வாசலில் வாசப்படி வைத்த மாதிரி. மழைத்தண்ணி வீட்டுக்குள் வராமல் நம்ம வாசப்படி தடுக்கிறதல்லவா? அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. வெளிக்கடலின் ஆழத்தில் ஓடும் தண்ணீர் சுலபமாக உள்ளே வர முடியாது.

இந்த வாசப்படி சரியாக அமையாத ஃபியார்டு ஒன்று இருக்கிறது. அதற்குள்தான் இந்தியா இருக்கிறது.

லாங்யியர்பியனுக்கு வடமேற்கே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் கோங்ஸ் ஃபியார்டு. அதன் கரையில் நியூ ஓலசுண்ட் என்ற குட்டி ஊர். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம். 1962இல் நடந்த விபத்தில் 21 பேர் இறந்தபின் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது பல நாட்டு ஆராய்ச்சிக்காரர்களின் ஊர். அங்கே 2008 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது இந்தியாவின் ‘ஹிமாத்ரி’. வடதுருவம் அங்கிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர்தான். அந்த ஊரில் வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் அணைத்து வைக்க வேண்டும். விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கும் கருவிகள் இருக்கின்றன, நம்ம போன் அதைக் கெடுத்துவிடும். (செல்போனைப் பிடுங்கி வைப்பது நம்ம பி.டி. சார் மட்டும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.)

கோங்ஸ் ஃபியார்டின் வாயில் பெரிய மேடு கிடையாது. மாறாக, கடலடியில் ஒரு ஆழமான வாய்க்காலே வெளிக்கடலோடு அதைச் சேர்க்கிறது. தெற்கேயிருந்து அட்லாண்டிக்கின் கதகதப்பான நீரோட்டம் அந்தப் பக்கமாகப் போகிறது. கதகதப்பு என்றால் சில டிகிரிதான், நமக்குக் கையை வைத்தால் மரத்துப்போகும். ஆனால் பனிக்கு அது வெந்நீர். வாசப்படி இல்லாததால் அது நேராக உள்ளே வருகிறது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் அந்த ஃபியார்டின் மேல் பனி உறைந்து நடக்கலாம் போல இருக்குமாம். 2006க்குப் பிறகு அப்படி உறைவது வெகுவாகக் குறைந்துவிட்டது. உறைபனிக்கு மேல் வளை தோண்டிக் குட்டி போடும் ஒரு வகை சீல் இருக்கிறது, அது எங்கே போகும்?

இதை அளக்கத்தான் 2014 ஜூலையில் நம்மவர்கள் ‘இண்ட்ஆர்க்’ என்ற கருவித் தொகுப்பை அந்த ஃபியார்டுக்குள் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. மாதக்கணக்கில் சூரியனே வராத குளிர்காலத்திலும் தண்ணீரின் சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அது அளந்துகொண்டிருக்கும். சுற்றுலாப் படகு அரை நாளில் திரும்பிவிடும். அரை நாளில் பார்ப்பவருக்கு ஃபியார்டு என்றைக்கும் இப்படியே இருந்த மாதிரி தோன்றும். வருஷம் முழுக்க உட்கார்ந்து அளந்தால்தான் மாறுவது தெரியும் என்பது என் கருத்து.

மாறியதற்குப் பெயரிலேயே சாட்சி இருக்கிறது. அதே ஃபியார்டில் ப்ளூம்ஸ்ட்ராண்ட்ஹால்வோயா என்று ஒரு இடம். வாயில் நுழையாவிட்டால் விடுங்கள், அந்தக் கடைசிப் பகுதிக்கு நார்வே மொழியில் ‘தீபகற்பம்’ என்று பொருள். மூன்று பக்கம் தண்ணீர், நாலாவது பக்கம் பனியாறு. பனிக்கு அடியில் நிலம் இருக்கும் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். 1990களில் பனியாறு பின்வாங்கியதும் பார்த்தால், அங்கே நிலமே இல்லை, கடல்! தீபகற்பம் தீவாகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

நமக்கு என்ன என்று கேட்பீர்கள். என் அம்மிச்சியும் அதைத்தான் கேட்டார்கள். பில்லூர் நிரம்புவது தென்மேற்குப் பருவமழையால். குந்தா, அவலாஞ்சிப் பக்கம் பெய்தால்தான் பவானியில் தண்ணி, கோயமுத்தூர்க் குழாயில் தண்ணி. அந்த மழை சில வருஷம் ஏமாற்றும், சில வருஷம் ஒரேயடியாகக் கொட்டும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 100 அடி பில்லூர் அணையில் 97 அடி ஏறினாலே தண்ணீரைத் திறந்துவிட்டு மேட்டுப்பாளையம் வரை கரையோர மக்களை எச்சரிப்பார்கள். ஒரு மழையை மட்டும் வைத்து ஆர்க்டிக்கோடு முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் வடக்கே காரா கடலில் பனி குறைவதற்கும், செப்டம்பர் கடைசியில் மத்திய இந்தியாவில் பெய்யும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கோவாவின் தேசிய துருவ ஆராய்ச்சி மையத்தினர் 2021இல் எழுதியிருக்கிறார்கள். அப்படித் தொடர்பு தேடுவதற்குத்தான் ஹிமாத்ரி. அம்மிச்சிக்கு இதைச் சொன்னதும், “அப்ப மழ எப்ப வருமுன்னு அந்த ஊட்ல கேட்டுச் சொல்லு சாமி” என்றார்கள்.

கடல் மட்டம் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கடலில் மிதக்கும் பனி உருகினால் கடல் ஏறாது. தரைமேல் கிடக்கும் பனி கடலுக்கு வந்தால்தான் ஏறும். நம்பாதவர்கள் செய்து பாருங்கள்: இரண்டு கண்ணாடி டம்ளர். முதல் டம்ளரில் ஐஸ் கட்டியை மிதக்கவிட்டுத் தண்ணீர் மட்டத்தில் ஸ்கெட்சால் கோடு போடுங்கள். இரண்டாவதில் பாதித் தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டு, வாயில் டீ வடிகட்டியை வைத்து அதன்மேல் அதே அளவு ஐஸ் வையுங்கள். உருகியபின் முதல் கோடு அப்படியே இருக்கும், இரண்டாவது ஏறியிருக்கும். அப்படியானால் பனியாற்றுச் சுவரிலிருந்து விழுந்து மிதக்கிறதே, அந்தக் கட்டி எந்த டம்ளர்? இரண்டாவதுதான். அது விழுந்த நிமிஷமே கடல் துளி ஏறிவிட்டது, உருகும் வரை காத்திருப்பதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியான இடைவேளையில் அறிவியல் லேப் வாசலில் இதைச் செய்து காட்டுகிறோம். டம்ளரும் வடிகட்டியும் தயார். வீட்டில் ஃப்ரிட்ஜ் இருப்பவர்கள் ஐஸ் கட்டியைத் தூக்குப்போசியில் துணி சுற்றிக் கொண்டுவரவும். பஸ்ஸில் வருபவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டுவரவும்.