வட்டும் இல்லை, விரலியும் இல்லை

மடிக்கணினி ஒன்று நாளாக ஆக மந்தமாகிறது. பொத்தானை அழுத்தினால் முகப்புத் திரை தோன்ற ஐந்து நிமிடம். ஒரு கோப்பைத் திறக்க மேலும் மூன்று நிமிடம். பிறகு ஒருநாள் நீலத் திரை தோன்றி அதோடு நின்றுவிடுகிறது. பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால், "இயங்குதளத்தை மறுபடியும் நிறுவ வேண்டும். கணினியோடு வந்த வட்டு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். வட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. இருந்தாலும் பயனில்லை, இன்றைய மெல்லிய மடிக்கணினிகளில் அதைச் செருக இடமே கிடையாது. ஆயினும் பெரும்பாலான கணினிகளில், வெளியிலிருந்து எதையும் செருகாமலே இயங்குதளத்தை மீண்டும் நிறுவ முடியும்.

இதைப் புரிந்துகொள்ள, கணினி எவ்வாறு விழித்தெழுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மின்சாரம் கிடைத்ததும் முதலில் வேலையைத் தொடங்குவது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையில் பொருத்தப்பட்ட ஒரு சிறு சில்லில் நிரந்தரமாகப் பதிந்துள்ள மென்பொருள்தான் முதலில் எழுகிறது. அது நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவை சரியாக உள்ளனவா என்று பார்க்கிறது. அடுத்து, வன்தட்டில் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலைத் தேடுகிறது. அந்த நிரல், இயங்குதளத்தின் முக்கியப் பகுதிகளை வன்தட்டிலிருந்து எடுத்துத் தற்காலிக நினைவகத்தில் ஏற்றுகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணினி பாதி வழியில் நின்றுவிடும்.

இங்கேதான் சிக்கல். ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம் தன்னையே அழித்துவிட்டுத் தன்னையே புதிதாக எழுதிக்கொள்வது, நுனிக்கிளையில் அமர்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுவதற்கு ஒப்பாகும். அதனால்தான் அக்காலத்தில் வெளியிலிருந்து ஒரு வட்டு தேவைப்பட்டது. கணினி அந்த வட்டிலிருந்து விழித்தெழும். வன்தட்டு சும்மா இருக்கும். அதை அழித்து எழுதுவதில் தடை ஏதும் இராது.

அந்த வட்டுகளின் கதையும் சுவையானதுதான். 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் விண்டோஸ் 95 வெளிவந்தபோது, குறுவட்டு இயக்கி இல்லாத கணினிகளுக்காக அதை 13 நெகிழ்வட்டுகளில் அடைத்து விற்றார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி எடுக்க வேண்டும். பதினோராவது வட்டில் ஒரு கீறல் இருந்தால், முந்தைய பத்து வட்டுகளுக்குச் செலவழித்த பொறுமையும் வீண். பின்னர்க் குறுவட்டும் டிவிடியும் அந்த வேலையை எளிதாக்கின.

2008-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஒரு காகித உறையிலிருந்து மெக்புக் ஏர் என்னும் மடிக்கணினியை உருவிக் காட்டினார். அவ்வளவு மெல்லிய கணினியில் வட்டு இயக்கிக்கு இடமில்லை. அப்படியானால் பழுதடையும்போது என்ன செய்வது? பக்கத்தில் உள்ள வேறொரு கணினியில் வட்டைச் செருகி, கம்பியில்லா இணைப்பின்வழி அதைக் 'கடன் வாங்கி' நிறுவும் ஏற்பாட்டை ஆப்பிள் செய்துகொடுத்தது. 2010-இல் வந்த மாதிரியோடு ஒரு சிறு விரலி தரப்பட்டது. 2011-இல் அதுவும் நின்றுபோனது. நிறுவும் கோப்புகளைக் கணினியே இணையத்திலிருந்து தேடி எடுத்துக்கொள்ளும் முறை வந்தது. மூன்றே ஆண்டுகளில் வட்டு, விரலி இரண்டும் தேவையற்றுப் போயின.

அப்படியானால் நுனிக்கிளைச் சிக்கல் எவ்வாறு தீர்ந்தது? கோயில்களில் திருப்பணி நடைபெறுவதைப் பலரும் பார்த்திருப்பர். கருவறையைப் பழுதுபார்க்கும் முன்பு பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னிதி அமைத்து, இறைவனை அங்கு எழுந்தருளச் செய்வார்கள். வழிபாடு அங்கே தொடரும்; கருவறையில் வேலை நடக்கும். கணினியும் இதைத்தான் செய்கிறது. வன்தட்டில் மீட்புப் பகுதி என்று தனியே ஒதுக்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. அதில் மிகச் சிறிய இயங்குதளம் ஒன்று சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். மீட்பு வேலை தொடங்கியதும் கணினி அந்தச் சிறிய இயங்குதளத்தை முழுவதுமாகத் தற்காலிக நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது. இப்போது கணினி நினைவகத்தில் 'குடியிருக்கிறது'. பழைய விண்டோசை அழித்துப் புதியதை எழுதலாம். வேலை முடிந்து கணினியை மறுதொடக்கம் செய்ததும் நினைவகம் காலியாகிறது. தற்காலிகக் குடியிருப்பும் மறைகிறது.

அந்த மீட்புப் பகுதி சாதாரணமாகக் கண்ணில் படாது. வன்தட்டை ஆராய்ந்து பார்க்கும் சிலர், 'இது எதற்கு வீணாக இடத்தை அடைக்கிறது?' என்று அதை அழித்துவிடுகிறார்கள். பழைய கணினிகள் சிலவற்றில் அது பத்து கிகாபைட்டுக்கும் மேலான இடத்தைப் பிடித்திருந்தது உண்மைதான். ஆனால் அதை அழிப்பது, தேவையில்லை என்று உதிரிச் சக்கரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறுவதைப் போன்றது.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இந்த வேலைக்கு 'ரீசெட் திஸ் பிசி' என்று பெயர். கணினி இன்னும் ஓரளவு இயங்குமானால் அமைப்புகள் பக்கத்திலேயே அது கிடைக்கும். உள்நுழைய முடியாவிட்டால், நுழைவுத் திரையில் ஷிப்ட் விசையை அழுத்தியபடியே மறுதொடக்கம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் திரையும் வரவில்லை என்றால்கூடக் கவலையில்லை. தொடங்கும் முயற்சி அடுத்தடுத்துத் தோல்வியடைந்தால், விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போய்விடும்.

அங்கே முதலில் வரும் கேள்விதான் மிக முக்கியமானது: கோப்புகளை வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் அழிப்பதா? முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் பயனரின் படங்களும் ஆவணங்களும் தங்கும். பின்னர் நிறுவிய செயலிகளும் மாற்றிய அமைப்புகளும் போய்விடும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. ஓராண்டு முழுவதும் சேர்த்த பள்ளித் திட்டப்பணி, பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் படங்கள் என எதுவாயினும் ஒரே சொடுக்கில் மறைந்துவிடும். கணினியை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறவர்கள்தாம் பெரும்பாலும் இரண்டாவதை விரும்புவர். அவர்கள் வன்தட்டைத் துப்புரவாக அழிக்கும் கூடுதல் தெரிவையும் சேர்த்துக்கொள்வது நல்லது. அதற்குப் பல மணி நேரம் பிடிக்கலாம். ஆனால் சாதாரணமாக அழித்த கோப்புகளைத் தோண்டியெடுக்கும் மென்பொருள்கள் இருப்பதால், அந்தக் காத்திருப்பு வீண்போகாது.

அடுத்த கேள்வி, புதிய இயங்குதளத்துக்கான கோப்புகள் எங்கிருந்து வர வேண்டும் என்பது. உள்ளிருந்தே எடுத்துக்கொள்ளச் சொன்னால், கணினியில் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் கோப்புகளைக் கொண்டே புதியது கட்டப்படும். இணையம் தேவையில்லை, வேலையும் விரைவாக முடியும். ஆனால் அந்தக் கோப்புகளே சிதைந்திருந்தால், உளுத்த மரத்தைக் கொண்டு புது வீடு கட்டிய கதைதான். 2020-இல் வந்த மேம்பாட்டில் இணையத்திலிருந்து பதிவிறக்கும் தெரிவும் சேர்க்கப்பட்டது. அதற்கு ஏறக்குறைய நான்கு கிகாபைட் தரவு செலவாகும். கைப்பேசியின் தரவுத் திட்டத்தைக் கணினியோடு பகிர்ந்து பயன்படுத்தும் வீடுகளில் இதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நச்சுநிரல் புகுந்ததாக ஐயம் இருந்தால் பதிவிறக்கமே பாதுகாப்பானது.

இடையில் ஒரு தடையும் வரலாம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். மீட்புத் திரை 48 இலக்கங்கள் கொண்ட ஒரு மீட்புக் குறியீட்டைக் கேட்டால் பலர் திகைத்துப் போகிறார்கள். முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு கணினியை அமைத்தார்களோ, பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் அந்தக் குறியீடு சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியிலிருந்தே அதில் நுழைந்து பார்க்கலாம். கணக்கின் கடவுச்சொல்லும் மறந்துவிட்டது என்றால், வழி மிகவும் குறுகிவிடும்.

விண்டோஸ் எழாத நிலையிலும் கோப்புகளை வெளியே எடுக்க ஒரு சிறு தந்திரம் உண்டு. மீட்புத் திரையில் உள்ள கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'நோட்பேட்' என்று தட்டச்சு செய்தால் அந்தச் சிறு செயலி திறக்கும். அதில் கோப்பைத் திறக்கும் சாளரத்தை வரவழைத்து, எல்லா வகைக் கோப்புகளையும் காட்டுமாறு மாற்றினால், வன்தட்டில் உள்ளவை தெரியும். வேண்டியவற்றைச் சாதாரண விரலி ஒன்றுக்கு நகலெடுக்கலாம். குறிப்பெழுதப் படைக்கப்பட்ட செயலி, ஆபத்து நேரத்தில் கோப்புகளைக் காப்பாற்றுகிறது!

வன்தட்டே செத்துவிட்டால் மீட்புப் பகுதியும் அதோடு போய்விடும். அப்போது சங்கிலியின் முதல் கண்ணியான சில்லுதான் கைகொடுக்க வேண்டும். 2011-க்குப் பின் வந்த மெக் கணினிகளில், ஆப்பிளின் சேவையகத்தோடு தொடர்புகொள்ளும் அளவுக்கான மென்பொருள் அந்தச் சில்லிலேயே இருந்தது. புத்தம்புது வெற்று வன்தட்டைப் பொருத்தினாலும், திரையில் ஓர் உருண்டை சுழன்று பதிவிறக்கம் தொடங்கிவிடும். கணினிக் கூடங்களில் வேறு வழி ஒன்று உண்டு. 1990-களின் இறுதியில் இன்டெல் நிறுவனம் வகுத்த 'பிஎக்ஸ்இ' முறைப்படி, வலைப்பின்னல் அட்டையே சேவையகத்திடம் முகவரி பெற்று, தொடக்க நிரலை அங்கிருந்து இறக்கிக்கொள்ளும். முப்பது கணினிகளுக்கும் ஒருவர் விரலியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

வேலை தொடங்கிய பின்பு மின்சாரம் நிற்கக் கூடாது. பாதி அழித்து, பாதி எழுதிய நிலையில் மின்கலம் தீர்ந்தால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகிவிடும். ஆகவே மின்னேற்றியைச் செருகிய பிறகே தொடங்க வேண்டும். திரை பலமுறை அணைந்து எரியும். விழுக்காடு ஓரிடத்தில் வெகுநேரம் நிற்கும். பொறுமையிழந்து பொத்தானை அழுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவைக் கொடுத்திருந்தால், முடிவில் எழும் புதிய முகப்புத் திரையில் ஒரு பட்டியல் காத்திருக்கும். எந்தெந்தச் செயலிகள் நீக்கப்பட்டன என்பதை விண்டோஸ் அதில் எழுதி வைத்திருக்கும். அவற்றுள் மீண்டும் தேவைப்படுபவை எவை என்று பார்த்து ஒவ்வொன்றாக நிறுவலாம்.