கடற்குஞ்சின் முதல் உணவு

நுழையும்முன்

ஆப்ப மாவு புளித்துப் பொங்குவதற்குக் கள் சேர்ப்பது நம் அடுக்களை மரபு. மாவைப் பொங்கச் செய்வது கள்ளில் வாழும் ஈஸ்ட். ஊருணிக் கேணியில் படரும் பாசியைத் தலைவியின் பசலைக்கு உவமையாக்கினார் குறுந்தொகைப் புலவர் பரணர். அடுக்களையிலும் கேணியிலும் நாம் தனித்தனியே அறிந்த இவ்விரு சிற்றுயிர்களும் கடல்நீர்த் தொட்டியில் சேரும்போது நிகழ்வதை இப்பாடம் விளக்குகிறது.

கழிமுகம்

வெள்ளாறு வங்கக்கடலில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது பரங்கிப்பேட்டை. சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இவ்வூரில்தான் இயங்குகிறது. அதற்குத் தெற்கே பிச்சாவரத்து அலையாத்திக்காடு. அங்கே உதிர்ந்த இலைகள் மட்கும் சேற்றில் ஈஸ்ட்டுகள் வாழ்கின்றன. மேலே, வெயில் படும் நீரில் நுண்பாசிகள் மிதக்கின்றன. ஈஸ்ட் பூஞ்சை இனத்தது, ஒளிச்சேர்க்கை அறியாதது, பிற உயிர்கள் ஆக்கிய சர்க்கரையை உண்டே வாழ்வது. நுண்பாசியோ தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்வது. கடலில் ஈஸ்ட் உண்டு என்பதை 1894ஆம் ஆண்டிலேயே அட்லாண்டிக் பெருங்கடல் நீரிலிருந்து அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினர்.

வாய் திறக்கும் நாள்

கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவா, நல்ல விலைபோகும் மீன். அதனைச் சிறைநிலையில் இனப்பெருக்கம் செய்யும் முயற்சி 1997இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் வெற்றி பெற்றது. முட்டையிலிருந்து வெளிவந்த கொடுவாக் குஞ்சு, முதல் இரண்டு மூன்று நாள்கள் தன் மஞ்சள்கருவைக் கொண்டே வாழும். அதன்பின் வாய் திறக்கும். அச்சிறு வாய்க்குள் நுழையும் இரை உடனே கிடைக்காவிடில் குஞ்சு இறந்துவிடும்.

அவ்விரைதான் ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கு. அதற்கும் தீனி வேண்டுமே! நுண்பாசியை வளர்க்க ஒளியும் உரமும் தூய்மையும் இடைவிடாக் கவனமும் தேவை. ரொட்டிக்கடை ஈஸ்ட்டோ மலிவானது. வேண்டியபோது கரைத்து ஊற்றலாம். சப்பானில் ரோட்டிஃபருக்கு ஈஸ்ட் ஊட்டினர். ரோட்டிஃபர் பெருகியது. ஆனால் அதனை வயிறார உண்ட மீன்குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன.

பசியால் நேர்ந்த இறப்பன்று அது. கடல்மீன் குஞ்சுக்கு இன்றியமையாத ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் ரொட்டி ஈஸ்ட்டில் இல்லை. குஞ்சினால் அவற்றைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளவும் இயலாது. நானோகுளோரோப்சிஸ் போன்ற கடல் நுண்பாசிகளில் அவை நிறைய உள்ளன. ஈஸ்ட்டில் வளர்ந்த ரோட்டிஃபரை, குஞ்சுக்கு இடுமுன் சில மணிநேரம் நுண்பாசி உண்ணச் செய்தால் குறை பெரிதும் நீங்கும். கணவாய் எண்ணெய் ஏற்றிய ஈஸ்ட்டையும் சப்பானியர் உருவாக்கினர். மலிவு ஒன்றையே நோக்கித் தீனியைத் தேர்வது எத்துணை இழப்பைத் தரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரே தொட்டியில்

இரண்டையும் ஒருங்கே வளர்த்தால் என்ன ஆகும்? ஈஸ்ட் சுவாசித்து வெளியிடும் கார்பன்-டை-ஆக்சைடை நுண்பாசி ஒளிச்சேர்க்கைக்குக் கொள்கிறது. நுண்பாசி வெளியிடும் ஆக்சிசனை ஈஸ்ட் கொள்கிறது. கார்பன்-டை-ஆக்சைடை நுண்பாசி ஈர்க்க ஈர்க்க நீரின் காரத்தன்மை உயரும். ஈஸ்ட்டின் சுவாசம் அதனைத் தணிக்கும்.

இவ்வுறவு எளிதில் குலையக்கூடியது. ஈஸ்ட் சில மணிநேரத்திலேயே இருமடங்காகும். நுண்பாசிக்குப் பெரும்பாலும் ஒருநாள் அளவு வேண்டும். நீரில் சர்க்கரை மிகுந்தால் ஈஸ்ட் பெருகி நீரைக் கலங்கச் செய்யும், ஒளி குன்றும், நுண்பாசி நலியும். உண்ணப்படாத ஈஸ்ட் அடியில் தங்கி அழுகினால் ஆக்சிசன் மேலும் குறையும். இரவில் நிலைமை இன்னும் கடுமையானது. கதிரவன் மறைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிட, நுண்பாசியும் ஈஸ்ட்டைப் போலவே ஆக்சிசனை உட்கொள்ள மட்டுமே செய்யும். ஆதலால்தான் குஞ்சு பொரிப்பகங்களில் நள்ளிரவில் மின்சாரம் நின்றாலும் காற்றுக்குழாய்கள் ஓயாதிருக்க மின்னாக்கியை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர்.