வேகக் காருக்கு டயர் வாங்கும்போது

வியாபாரம் கொஞ்சம் நிமிர்ந்ததும் நம் இளைஞர்களில் சிலர் தேடிப் போவது மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். போன்ற வேகக் கார்களைத்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காருக்குக் கேட்ட விலையைக் கொடுத்தவரே, டயர் மாற்றும் நாளில் "இருப்பதில் மலிவானதைப் போடுங்கள்" என்கிறார். டயர் வியாபாரத்தில் இருப்பவன் என்பதால் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். எஞ்சின் எவ்வளவு பலமானதாக இருந்தாலும், பிரேக் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கார் வீதியைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு இறப்பரால் மட்டுமே.

முதலில் டயரின் பக்கச் சுவரை வாசிக்கப் பழகுங்கள். எவலூஷன் 9 காருக்கு 235/45 ஆர்17 என்ற அளவு வரும். 235 என்பது மில்லிமீற்றரில் அகலம். 45 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 வீதம், அதாவது ஏறத்தாழ 106 மில்லிமீற்றர். 17 அங்குலம் ரிம்மின் விட்டம். அதை அடுத்து 93 டபிள்யூ என்று இருந்தால், ஒரு டயர் 650 கிலோ சுமையைத் தாங்கும், 270 கிலோமீற்றர் வேகம் வரை பாவிக்கலாம் என்று பொருள். எச் 210க்கு, வி 240க்கு, வை 300க்கு.

"நம் நாட்டின் அதிவேகப் பாதையிலேயே 100தானே, எச் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்லவில்லை. டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கார்க் கம்பனி குறித்த எழுத்துக்கும் சுமை எண்ணுக்கும் கீழே இறங்காதீர்கள்.

அடுத்தது வயது. நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. இந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழுமையாக இருப்பதுண்டு. உள்பக்கம் திரும்பியிருந்தால் குனிந்து பார்க்கத்தான் வேண்டும். பஞ்சிகாவத்தையில் பாவித்த டயர் எடுப்பவர் தவாளிப்பின் ஆழத்தை விரலால் தடவிப் பார்த்துத் திருப்திப்படுகிறார். ஆனால் பார்வைக்குப் புதிது போலிருக்கும் டயரின் இறப்பரும் காலத்தால் இறுகிவிடும். இறுகிய இறப்பர் ஈர வீதியில் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்த டயரை வேகக் காருக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த டயர்களில் இன்னொரு சங்கதி உண்டு. சிலவற்றின் பக்கச் சுவரில் 'ஸ்டட்லெஸ்' என்று எழுதியிருக்கும். அது பனிக்கட்டி வீதிக்காகச் செய்த மென்மையான டயர். நமது சூட்டில் சீக்கிரம் தேயும், வளைவில் காரைத் தளம்ப வைக்கும். விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

"இரண்டை மட்டும் மாற்றுங்கள்" என்பது பெரிய செலவில் கொண்டுபோய் விடக்கூடிய சிக்கனம். மேலே சொன்ன இரண்டு கார்களிலும் எஞ்சினின் சக்தி நான்கு சில்லுகளுக்கும் போகிறது. புதிய டயரில் 8 மில்லிமீற்றர் ஆழம், பழையதில் 3 என்றால் விட்டத்தில் 10 மில்லிமீற்றர் வித்தியாசம். கணக்குப்படி பழைய சில்லு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 8 சுற்று கூடுதலாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை முன்னுக்கும் பின்னுக்கும் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் ஓயாமல் சுமந்து சூடேறும். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாருவின் அறிவுறுத்தல். மிச்சம்பிடித்த இரண்டு டயரின் பணம் கராஜ்காரருக்குப் போவதில் யாருக்கு இலாபம்?

இனி எந்த ரகம்? பந்தயத் திடலுக்கு நெருக்கமான யோக்கஹாமா ஏ048 போன்றவை பார்க்க ஆசையாக இருக்கும். அவை சூடேறிய பின்தான் முழுமையாகப் பிடிக்கும், தவாளிப்பும் குறைவு. வீதியில் வெள்ளம் நிற்கும் மாலை மழையில் அதே டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். தினமும் ஓட்டும் காருக்கு மிஷெலின் பைலட் ஸ்போர்ட் போன்ற வீதி ரகமே பொருத்தம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012ஆம் ஆண்டு முதல் டயருக்குத் தர அட்டை உண்டு. 2021இல் திருத்தப்பட்ட அட்டையில் ஈர வீதிப் பிடிப்பு ஏ முதல் ஈ வரை தரப்படுத்தப்படுகிறது. அட்டை இருந்தால் அந்த எழுத்தை முதலில் பாருங்கள்.

அமெரிக்க முறைப்படி அச்சிடப்படும் தேய்மான எண்ணும் உண்டு. 400 உள்ள டயர், 200 உள்ளதைவிட அதிக காலம் உழைக்கும் என்பது அதன் கருத்து. ஆனால் எண்ணைத் தருவது கம்பனியே. ஒரே கம்பனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் அதைப் பாவியுங்கள். பொதுவாக எண் ஏற ஏறப் பிடிப்பு குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரிய ரிம் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 235/45 ஆர்17க்குப் பதில் 235/40 ஆர்18 போட்டால் விட்டம் 2 மில்லிமீற்றர்தான் கூடும், அது பிரச்சினையில்லை. பக்கச் சுவர் 12 மில்லிமீற்றர் குறைகிறது. நம்மூர்க் குழிகளில் ரிம் நெளிவது அதனால்தான்.

விலை பேசி முடிந்ததும் பற்றுச்சீட்டில் டயரின் பெயர், அளவு, நான்கு டயர்களினதும் வார ஆண்டு இலக்கம் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் தயங்க மாட்டார். பூட்டிய அன்றே வீல் அலைன்மன்ட் பார்த்துவிட்டு, முதல் சில நூறு கிலோமீற்றருக்கு நிதானமாக ஓட்டுங்கள். புதிய இறப்பரின் மேல் வழுக்கும் படலம் தேய்ந்து போக அவ்வளவு தூரம் தேவைப்படும்.