எந்த மானிட்டர் வாங்கலாம்?

கேள்வி: கேம் விளையாட மானிட்டர் வாங்கப் போகிறேன். 4கே நல்லதா, 144 ஹெர்ட்ஸ் நல்லதா, ஓலெட் நல்லதா? எங்கள் லயன் வீட்டு முன்னறையில்தான் வைக்க வேண்டும்.
– தோட்டத்து வாசகர், இறக்குவானை

பதில்: தம்பி, முதலில் உங்கள் கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள். 1080பி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. நடுத்தர கார்டு திணறிவிடும். வேகம்தான் முக்கியம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லி செக்கன் நிற்கும், 144இல் 6.9தான். சட்டென்று திரும்பிச் சுடும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஓலெட் அழகுதான், ஆனால் விலை அதிகம், அசையாத படம் பதிந்துவிடும் அபாயமும் உண்டு. வாசல் வெளிச்சம் விழும் அறைக்கு மினுக்கமில்லாத ஐபிஎஸ் வகைத் திரை போதும். 24 அங்குலம், 1080பி, 144 ஹெர்ட்ஸ்: இதையே வாங்குங்கள். விண்டோஸ் செட்டிங்கில் 144ஐத் தெரிவுசெய்ய மறக்காதீர்கள். பலரிடம் அது 60இலேயே கிடக்கிறது. சித்திரை, ஐப்பசி இடிமழைக் காலத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.